மீதியை வெள்ளித்திரையில் காண்க

ஃபியூஸ் போன பல்பை எடுத்து, பின்பக்கத்து பித்தளை மூடியைப் பக்குவமா உடைச்சு, உள்ள இருக்கிற கம்பி சமாச்சாரத்தை எல்லாம் கழட்டி எறிஞ்சுட்டு, பல்பு நிறைய தண்ணி ஊத்தினா லென்ஸ் ரெடி. வெளியில ஒருத்தன் முகம் பாக்கிற கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நிப்பான். அவன் அனுப்புற வெளிச்சம் கதவு ஓட்டை வழியா இருட்டு ரூமுக்குள்ள வரும். பல்புக்கு முன்னாடி பிலிம் துண்டைத் தலைகீழாப் பிடிக்கணும். எதுத்தாப்புல அப்பாவோட வேட்டியில எம்ஜிஆர் வாளோட நிப்பார். ஆடமாட்டார், அசையமாட்டார், ஆனா நிப்பார். எழுபதுகள்ல கிராமத்துல வளர்ந்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவைப்படாது.

அந்த பிலிம் துண்டுகளைப் பெட்டிக்கடையில மிட்டாய் மாதிரி வாங்குவோம். எங்க ஊர் டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் நல்ல மூடுல இருந்தா சும்மாவே கொடுப்பார். எனக்கு மட்டும் ஒரு சோப்பு டப்பா நிறைய இருந்துச்சு. இந்தத் துண்டெல்லாம் எங்கேருந்து வருதுன்னு அந்த வயசுல ஒரு தடவைகூட யோசிச்சதில்லை. ஓடித் தேஞ்சு, அறுந்து, இனிமே ஓட்ட முடியாதுன்னு ஆன பிரதிகளை வெட்டித்தான் எங்களுக்குக் கொடுத்தாங்கன்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் உறைச்சது. ஒரு படத்தோட பொணத்தை வச்சுக்கிட்டு நாங்க ஜாலியா படம் காட்டிக்கிட்டிருந்திருக்கோம்.

தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' பற்றி எழுதணும்னு உட்கார்ந்தா இந்த சோப்பு டப்பாதான் முதல்ல ஞாபகத்துக்கு வருது. நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்ததில்லை. இனிமேலும் பார்க்கப் போறதில்லைன்னுதான் நினைக்கிறேன்.

1931 அக்டோபர் 31. சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டர். (பின்னாளில் முருகன் டாக்கீஸ் ஆச்சே, தங்கசாலைப் பக்கம், அதேதான்.) பம்பாயிலிருந்து ரயில்ல வந்த படப்பெட்டியை சென்ட்ரல் ஸ்டேஷன்லேருந்து தியேட்டர் வரைக்கும் ஊர்வலமாக் கொண்டு போயிருக்காங்க. வால்டாக்ஸ் ரோடு முழுக்கக் கூட்டம். பெட்டிக்குப் பூ தூவினாங்க, தேங்காய் உடைச்சாங்க, கற்பூரம் ஊதுபத்தி எல்லாம் உண்டு. சாமி புறப்பாடு மாதிரி ஒரு தகரப் பெட்டி புறப்பாடு. கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. உள்ள இருக்கிறது என்னன்னு அந்தக் கூட்டத்துல ஒருத்தருக்கும் தெரியாது, திரையில உருவம் தமிழ்ல பேசுமாமேங்கிற ஒரே சேதிதான். அதுக்கே அவ்வளவு பேர்.

அத்தனை பேர் பின்னாலேயே போன அந்தப் பெட்டியில இருந்ததுல ஒரு அடி பிலிம்கூட இன்னிக்கு இல்லை.

படத்தை எடுத்தது பம்பாய் இம்பீரியல் மூவிடோன், முதலாளி அர்தேஷிர் இரானி. அதே வருஷம் மார்ச் 14-ம் தேதி 'ஆலம் ஆரா'வை வெளியிட்டு இந்தியாவை முதன்முதலா பேச வச்ச மனுஷன். அந்தப் படத்துக்குப் போட்ட செட்டுகளையே பயன்படுத்தி, எச்.எம். ரெட்டியை இயக்கச் சொல்லி, தமிழுக்கும் ஒண்ணு எடுத்தார். கதை நமக்குத் தெரிஞ்சதுதான். படிச்ச இளவரசியை ஏமாத்தி ஒரு முட்டாள் இடையனுக்குக் கட்டி வச்சுடறாங்க, அப்புறம் காளி கடாட்சம், மகாகவி. இளவரசி டி.பி. ராஜலட்சுமி.

வேடிக்கை என்னன்னா, இளவரசி தமிழ்ல பேசினா நாயகன் தெலுங்குல பதில் சொல்லுவார். எல்.வி. பிரசாத்துக்கும் ஒரு சின்ன வேஷம் இருந்துச்சு, அவர் பேசினது இந்தி. (ஆமா, பின்னாளில் பிரசாத் ஸ்டூடியோ கட்டின அதே பிரசாத்தான்.) பத்திரிகை விளம்பரத்துலயே இது தமிழ் தெலுங்கு இரண்டு பாஷைப் படம்னுதான் போட்டிருந்தாங்க, ஒளிவு மறைவு ஒண்ணும் இல்லை. இதை வச்சு 'இது முழுத் தமிழ்ப் படமே இல்லை, எப்படி முதல் தமிழ்ப் படம்னு சொல்லலாம்'னு ஒரு சண்டை ரொம்ப நாளா நடக்குது. எனக்கு அந்தச் சண்டையில அவ்வளவா ஆர்வமில்லை. எனக்குத் தெரியவேண்டியது வேற. அந்த முதல் காட்சியில உட்கார்ந்திருந்த ஜனம் எப்ப சிரிச்சுது? அவ தமிழ்ல கோவிச்சுக்கிட்டதுக்கு அவன் தெலுங்குல சமாதானம் சொன்னப்ப சிரிச்சாங்களா, இல்ல, நம்ம சென்னைப் பட்டணத்துல வீட்டுக்கு வீடு நடக்கிறதுதானேன்னு கண்டுக்காம இருந்தாங்களா? இன்னொரு விதமா பார்த்தா படிச்ச பொண்ணும் படிக்காத புருஷனும் ஒருத்தருக்கொருத்தர் புரியாம பேசிக்கிற கதைக்கு இதைவிடப் பொருத்தம் வேற எதுவும் கிடையாது :-)

பாட்டுகள் விஷயமும் இதே கலவைதான். தியாகராஜர் கீர்த்தனையும் உண்டு, மதுரை பாஸ்கரதாஸ் எழுதின பாட்டும் உண்டு. பாஸ்கரதாஸ் நாடக மேடையில தேசியப் பாட்டு எழுதிப் பேர் வாங்கினவர். காளிதாசன் காலத்துக் கதைக்கு நடுவுல காந்தியோட கைராட்டையைப் பத்தி ராஜலட்சுமி பாடுவாங்க. கதைக்கும் அதுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனா உப்புச் சத்தியாகிரகம் முடிஞ்சு ஒண்ணரை வருஷம்தான் ஆகுது. தியேட்டர்ல அந்த இடத்துல என்ன சத்தம் எழுந்திருக்கும்னு யோசிச்சா எனக்கு இப்பவும் மயிர்க்கூச்செறியுது. இதோட குறத்தி டான்ஸ் வேற தனியா. டிக்கெட்டுக்கு முழு மதிப்பு!

இவ்வளவு விவரம் நமக்குத் தெரியுது பாருங்க. எல்லாம் காகிதத்துலேருந்து வந்தது. அன்னிக்கு சுதேசமித்திரன்ல வந்தது, விளம்பரம், பாட்டுப் புத்தகம், சில போட்டோக்கள், அப்புறம் பார்த்தவங்க சொன்னதைக் கேட்டு எழுதி வச்சவங்க. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் மாதிரி ஆட்கள் இல்லைன்னா இதுவும் கிடையாது. ஒரு துண்டு நோட்டீஸைக்கூட விடாம பத்திரமா எடுத்து வச்சவர் அவர். 2016-ல மறைஞ்சார். ஒரு படத்தைச் சுத்தி இருந்த காகிதமெல்லாம் பிழைச்சு, படம் மட்டும் செத்துப்போச்சு. உறுதியான பொருள்னு நாம நினைச்சது போயிடுச்சு, மறுநாள் சுண்டல் மடிக்கப் போகிற காகிதம் நின்னுடுச்சு.

ராஜலட்சுமியைப் பத்தி தனியா ஒரு வார்த்தை சொல்லணும். 1911-ல பிறந்தவங்க, தஞ்சாவூர் ஜில்லா. சிறுமியா இருக்கும்போதே கல்யாணம் பண்ணி வச்சு, அந்த வாழ்க்கை நிலைக்காம, அம்மாவோட திருச்சிக்கு வந்து நாடகக் கம்பெனியில சேர்ந்தவங்க. அந்தக் காலத்துல அந்தக் குடும்பத்துப் பெண் மேடை ஏறுறதுன்னா என்னன்னு நான் சொல்லவேண்டாம். மௌனப் படங்கள்ல நடிச்சாங்க. பேசும்படத்துல முதல் நாயகி ஆனாங்க. அதோட நிக்கலை. 1936-ல 'மிஸ் கமலா'ன்னு ஒரு படம். தான் எழுதின நாவலைத் தானே திரைக்கதையாக்கி, தானே தயாரிச்சு, தானே இயக்கி, தானே நடிச்சது. தென்னிந்தியாவுல படம் இயக்கின முதல் பெண். அந்தப் படமும் இல்லை.

இப்பப் பாருங்க. 'முதல்' 'முதல்'னு அவங்களைப் பத்தி யாரும் பத்து வரி எழுதலாம், நானும் இப்ப அதைத்தான் பண்ணினேன். ஆனா அவங்க கேமராவை எங்க வச்சாங்க? கணவன் வீட்டை விட்டு வந்த ஒரு பெண், 25 வயசுல, ஒரு பெண்ணோட கதையைப் படமா எடுத்தப்ப எந்த இடத்துல க்ளோசப் போட்டாங்க, எந்த இடத்துல கேமராவைத் திருப்பிக்கிட்டாங்க? நல்ல டைரக்டரா, சுமாரா? இதுக்குப் பதில் பட்டியல்ல கிடைக்காது. படத்துல மட்டும்தான் இருந்துச்சு. 'சினிமா ராணி'ன்னு பட்டம் கொடுத்த ஜனங்க எதைப் பார்த்துக் கொடுத்தாங்கன்னு நமக்குத் தெரியாம, பட்டத்தை மட்டும் திருப்பித் திருப்பி எழுதிக்கிட்டிருக்கோம். அவங்க 1964-ல காலமானாங்க. பூனாவுல தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கினதும் அதே 1964-ல. என்ன பொருத்தம்டா சாமி!

அந்தக் காப்பகத்துல ஆரம்பத்துலேருந்து உழைச்சவர் பி.கே. நாயர். ஊர் ஊராப் போய், பழைய தயாரிப்பாளர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, கொட்டகை பரண்ல ஏறி இறங்கி, ரீல் ரீலா சேர்த்தவர். அவர் இரானியையும் போய்ப் பார்த்தார். பெரியவர், 'ஆலம் ஆரா' ரீல் சிலது இங்கதான் எங்கேயோ கிடக்குது, பையன் எடுத்துத் தருவான்னு சொல்லியிருக்கார். பையனைக் கேட்டா, வெள்ளி எடுக்கிறதுக்காக எப்பவோ அதைப் போட்டாச்சுங்கிறார். நாயர் பல பேட்டிகள்ல வருத்தத்தோட சொன்ன விஷயம் இது.

வெள்ளின்னா நிஜ வெள்ளி. கருப்பு வெள்ளை பிலிம்ல நம்ம கண்ணுக்குக் கருப்பாத் தெரியுறதே வெள்ளித் துகள்தான். ஓடி முடிச்ச படத்தை வாங்கி, ரசாயனத்துல போட்டுக் கழுவினா வெள்ளி வரும். ஒரு ரீலுக்குக் கொஞ்சூண்டுதான், ஆனா நூத்துக்கணக்குல சேர்ந்தா காசு. கழுவி மிச்சமாகிற வெறும் பிலிம் வளையலாவும் கைப்பையாவும் ஆயிடும். 'வெள்ளித்திரை'ன்னு பெயர் வச்சதுக்கு இப்படி ஒரு அர்த்தம் வேற. காளிதாஸும் இதே இரானியோட சரக்குதான். இம்பீரியல் கம்பெனி 1938-ல மூடினப்புறம் அந்த நெகடிவுக்கு இதைவிட நல்ல கதி வந்திருக்கும்னு நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியலை.

(இடையில ஒரு திருத்தம். 2003 ஜனவரி 8-ம் தேதி பூனா பெட்டகத்துல நடந்த தீ விபத்துலதான் 'ஆலம் ஆரா' எரிஞ்சு போச்சுன்னு பல இடத்துல எழுதுறாங்க. தப்பு. அந்த விபத்துல ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நைட்ரேட் ரீல்கள் போனது நிஜம், அது பெரிய கொடுமை. ஆனா 'ஆலம் ஆரா' அங்க எப்பவுமே இருந்ததில்லைன்னு நாயரே தெளிவாச் சொல்லியிருக்கார். நம்ம தலையில அடிச்சுக்கிறதுன்னாலும் சரியான விஷயத்துக்கு அடிச்சுக்குவோம்.)

வெள்ளிக்காரன்கிட்ட தப்பிச்சாலும் இன்னொரு எமன் உண்டு. அந்தக் காலத்து பிலிம் செல்லுலோஸ் நைட்ரேட். வெடிமருந்துக்குப் பங்காளி. தீப்பிடிச்சா அதுவே பிராணவாயுவை வெளியிட்டுக்கிட்டு எரியும், தண்ணிக்குள்ள முக்கினாலும் அணையாது. தீயே பிடிக்கலைன்னாலும் வெப்பத்துலயும் ஈரத்துலயும் தானா அழுகும். முதல்ல பிசுபிசுன்னு ஒட்டும், அப்புறம் நுரைக்கும், கடைசியில பழுப்புப் பொடியாப் போயிடும். சென்னை மாதிரி ஊர்ல ஓட்டுக் கூரைக்குக் கீழ தகர டப்பாவுல தொண்ணூறு வருஷம் வச்சா அது பிழைக்குமா? நம்ம ஊர்ல பருப்பே ஆறு மாசத்துல வண்டு வைக்குது.

இந்த வெக்கை விஷயத்தை முதல்ல கண்டுக்கிட்டவர் ஆர். நடராஜ முதலியார்னு நினைக்கிறேன். காளிதாஸுக்கும் முன்னாடி, மௌனப்பட காலம். வேலூர்க்காரர், மவுண்ட் ரோட்டுல கார், கார் உதிரி பாகம் விக்கிற வியாபாரம். ஃபால்கே படங்களைப் பார்த்து ஆசை வந்து, பூனாவுல ஸ்டூவர்ட் ஸ்மித்ங்கிற வெள்ளைக்கார கேமராமேன்கிட்ட தொழில் கத்துக்கிட்டு, புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டுல இந்தியா ஃபிலிம் கம்பெனின்னு ஆரம்பிச்சார். தென்னிந்தியாவோட முதல் கதைப்படம் 'கீசக வதம்' அங்கதான் எடுத்தது. ஆறாயிரம் அடி நீளம், செலவு சுமார் 35 ஆயிரம் ரூபாய். கீசகனா ராஜு முதலியார், திரௌபதியா ஜீவரத்தினம். யோசனை சொன்னவர் பம்மல் சம்பந்த முதலியார். எடுத்த பிலிமை சென்னையில கழுவலை, குளிர்ச்சியான ஊர் வேணும்னு பெங்களூர்ல லேப் வச்சு அங்க கொண்டு போய்க் கழுவினார். இவ்வளவு கவனமா இருந்த மனுஷனோட ஒரு படம்கூட மிஞ்சலை. ஸ்டூடியோவுல தீ, அதோட மகனோட மரணம். 1923 வாக்குல தொழிலையே விட்டுட்டார். அதுக்கப்புறமும் நாற்பது வருஷத்துக்கு மேல உயிரோட இருந்தார். எம்ஜிஆர் சிவாஜி படமெல்லாம் வந்த காலத்துலயும் இருந்தார்ங்கிறது எனக்கு ஆச்சரியமாவே இருக்கு.

'கீசக வதம்' எந்த வருஷம்? ஒருத்தர் 1916-ம்பார், ஒருத்தர் 1917, இன்னொருத்தர் 1918. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு ஆதாரம். படம் இருந்தா இந்தத் தகராறே கிடையாது. எனக்கு ஒரு சின்ன சந்தேகம் உண்டு. அந்தப் படத்துல நடுநடுவே வர்ற எழுத்து அட்டைகள் இங்கிலீஷ், தமிழ், இந்தின்னு மூணு மொழியில இருந்ததாவும், இந்திக்கு உதவினவர் காந்தியோட மகன் தேவதாஸ் காந்தின்னும் எழுதியிருக்காங்க. தேவதாஸ் காந்தி இந்தி பிரசாரத்துக்காக சென்னை வந்தது 1918-ல. அப்போ, ஒண்ணு அந்தக் கதை பின்னால ஒட்ட வச்சதா இருக்கணும், இல்லை படம் 1918. நான் 1918 பக்கம். பந்தயம் கட்டச் சொன்னா கட்டமாட்டேன், ஏன்னா தீர்ப்பு சொல்ற சாட்சி செத்துப்போச்சு.

தென்னிந்தியாவுல எடுத்த மௌனப் படங்கள் நூத்துக்கு மேல. அதுல முழுசா கிடைக்கிறது ஒண்ணே ஒண்ணு, 'மார்த்தாண்ட வர்மா'. அது பிழைச்ச கதையைக் கேட்டா சிரிக்கிறதா அழறதான்னு தெரியாது. நாகர்கோவில்காரர் ஆர். சுந்தர் ராஜ், சி.வி. ராமன் பிள்ளையோட பிரபலமான மலையாள நாவலைப் படமா எடுத்தார். 1933-ல திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டர்ல திரையிட்டாங்க. நாவலோட உரிமை வச்சிருந்த புத்தகக் கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. படம் ஜப்தி. சுந்தர் ராஜ் போட்ட காசு அவ்வளவும் போச்சு, மனுஷன் எழுந்திருக்கவே இல்லை. கைப்பத்தின பெட்டி பதிப்பாளர்கிட்டயே நாற்பது வருஷம் கிடந்து, 1974-ல பூனா காப்பகத்துக்கு வந்து சேர்ந்துச்சு.

நல்லா ஓடின படமெல்லாம் ஊர் ஊரா ஓடித் தேஞ்சு, வெள்ளிக்குப் போய், வளையலாப் போச்சு. ஓடவே விடாம கோர்ட்டு நிறுத்தின படம் மட்டும் பிழைச்சுது. சுந்தர் ராஜோட சொந்தக்காரர்தான் 'விகதகுமாரன்' எடுத்த ஜே.சி. டேனியல். அது மலையாளத்தோட முதல் படம். அதோட ரீலை சின்னப் பையனா இருந்தப்ப விளையாட்டா கொளுத்திட்டேன்னு அவரோட மகனே பெரியவரானப்புறம் சொன்னார். நீல நிறத்துல அழகா எரிஞ்சுதாம்.

அந்த மகனையோ இரானியோட மகனையோ திட்டுறதுக்கு எனக்கு வாய் வராது. எங்க வீட்டுல ஒரு கேசட் இருக்கு. 1981-ல சிங்கப்பூர்லேருந்து சித்தப்பா டேப் ரிக்கார்டர் வாங்கிட்டு வந்தார். அப்பாயியை உட்கார வச்சு நடவுப் பாட்டு, தாலாட்டு எல்லாம் பாடச் சொல்லி ஒரு மணி நேரம் பதிவு பண்ணினார். அப்பாயிக்கு ஒரே வெட்கம், முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுதான் பாடும். அதுவும் போயி, ஏழெட்டு வருஷம் கழிச்சு, காலேஜ் படிக்கிறப்ப எனக்கு அவசரமா ஒரு கேசட் தேவைப்பட்டுச்சு. புது கேசட் வாங்கக் காசில்லை. இளையராஜா பாட்டு பதினாலு, தேர்ந்தெடுத்து எழுதிக் கொடுத்து, கடையில பதிஞ்சு வாங்கினது அந்தக் கேசட்லதான். யாரும் தடுக்கலை. அப்பாவே 'அது பழைய கேசட்தானே'ன்னார். மேல ஒட்டின பேப்பர்ல சித்தப்பா கையெழுத்து இன்னும் இருக்கு, 'அம்மா பாட்டு'ன்னு. பதினாலாவது பாட்டு முடிஞ்சப்புறம், டேப் தீரப்போற இடத்துல, ஒரு நாலு செகண்டு மிச்சம். 'போதுமாடா'ன்னு கேக்குது.

அதனால இரானி மகன் என்ன பண்ணினார்னு எனக்கு நல்லாப் புரியும். அது பழைய பெட்டிதானே.

சரி, கிடைக்கவே கிடைக்காதுன்னு எப்படிச் சொல்ற, உலகத்துல எங்கெங்கேயோ கிடைக்குதேன்னு கேட்கலாம். கிடைக்குதுதான். கனடாவுல டாசன்னு ஒரு குளிர்ப் பிரதேச ஊர். 1978-ல மண்ணைத் தோண்டினப்ப ஐநூறு ரீலுக்கு மேல மௌனப் படங்கள் கிடைச்சுது. திருப்பி அனுப்பச் செலவாகும்னு நீச்சல் குளத்தை மூடுறதுக்கு மண்ணோட போட்டுப் புதைச்சிருந்தாங்க, உறைஞ்ச மண்ணு காப்பாத்திடுச்சு. (நம்ம ஊர்ல புதைச்சிருந்தா கரையானுக்குக் கல்யாணச் சாப்பாடு.) 1919-ல கல்கத்தா மதன் கம்பெனி எடுத்த 'பில்வமங்கள்' பாரிஸ் காப்பகத்துல அகப்பட்டு, 2016-ல ஒரு பகுதி இந்தியாவுக்கு வந்துச்சு.

நம்மாள் கதையும் ஒண்ணு உண்டு. கோட்டையூர் ஏ.கே. செட்டியார். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள், நியூயார்க்லேருந்து டப்ளினுக்குக் கப்பல்ல போறப்ப காந்தியைப் பத்திப் படம் எடுக்கணும்னு தோணியிருக்கு. அப்ப அவருக்கு 25 வயசு. உலகம் முழுக்க அலைஞ்சு, யார் யாரோ எடுத்து வச்சிருந்த காட்சிகளைத் தேடி, ஐம்பதாயிரம் அடி சேர்த்து, அதுலேருந்து பன்னிரண்டாயிரம் அடிக்குப் படமாக்கி 1940-ல தமிழ்ல வெளியிட்டார். அப்புறம் அது காணாமப் போச்சு. காந்தி படம்! நம்ம அலட்சியத்துக்கு அவரும் விதிவிலக்கில்லை. கடைசியில ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடித் தேடி, 1953-ல ஹாலிவுட்ல தயாரிச்ச அதோட சுருக்கமான இங்கிலீஷ் வடிவத்தை சான் ஃபிரான்சிஸ்கோவுல ஒரு பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சார். பெரிய விஷயம். ஆனா 1940-ல தமிழ் ஜனம் பார்த்த தமிழ்ப் படம் அது இல்லை.

இங்கதான் காளிதாஸுக்கு என் நம்பிக்கை அறுந்து போகுது. கிடைச்சதெல்லாம் பாருங்க, குளிர் தேசத்துலயோ, வெளிநாட்டுக் காப்பகத்துலயோதான். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுற படத்தைப் பாரிஸ்காரன் ஏன் வாங்கியிருக்கப் போறான்? முப்பதுகள்ல நம்ம படங்கள் போன வெளியூர்னா சிலோன், பர்மா, மலேயா. எல்லாமே நம்மளை மாதிரியே புழுங்குற ஊர். போதாக்குறைக்கு ரங்கூன்லயும் சிங்கப்பூர்லயும் யுத்தத்துல குண்டு விழுந்துச்சு. பேசும்படத்தோட முதல் பத்து வருஷத்துல இருநூறுக்கும் மேல தமிழ்ப் படங்கள் வந்துச்சு. அதுல இன்னிக்குப் பார்க்கக் கிடைக்கிற ஆகப் பழசுல ஒண்ணு 1934-ல வந்த 'பவளக்கொடி', பாகவதரோட முதல் படம். அதுக்கு முந்தின மூணு வருஷம் கிட்டத்தட்ட ஊமை. தமிழ்ப் படம் பேச ஆரம்பிச்ச முதல் மூணு வருஷமே ஊமையாப் போனதைச் சொல்லி அழ வேண்டியதுதான்.

காகிதம் மட்டும் இருக்கு. அதே கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா சேர்த்தது இன்னிக்கு சென்னையில ரோஜா முத்தையா நூலகமா இருக்கு. அங்க பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் ஏகப்பட்டது. கொட்டகை வாசல்ல வித்தது, எட்டுப் பக்கம் பதினாறு பக்கம், மங்கின அச்சு. முதல்ல நடிக நடிகையர் பட்டியல், அப்புறம் கதைச் சுருக்கம், அப்புறம் ராகம் தாளம் போட்டுப் பாட்டுகள். கதைச் சுருக்கம் முழுக் கதையையும் சொல்லாது. சொல்லிட்டா டிக்கெட் எடுக்கமாட்டாங்களே. நல்ல கட்டத்துல நிறுத்திட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'ன்னு போட்டுருவாங்க.

எங்க தாத்தாவோட டிரங்குப் பெட்டியில அப்படி ஒரு புத்தகம் இருந்துச்சு. அட்டை கிழிஞ்சு படத்தோட பேர்கூடப் போயிடுச்சு, முப்பதுகள்ல வந்ததா இருக்கணும். மாமியார் கொடுமை தாங்காம கதாநாயகி ராத்திரியில கைக்குழந்தையைத் தொட்டில்ல விட்டுட்டு ஆத்தங்கரைக்கு வர்றா. தூரத்துல யாரோ லாந்தர் விளக்கோட வர்றான். கீழ அந்த வரி.

வந்தது யாருன்னு தாத்தாவைக் கேட்டேன். படம் பார்த்தேன், ஆனா மறந்து போச்சுடான்னார்.